புதன்கிழமை கடைசி பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்

வேலூர் வட்டாரப் பள்ளிகளின் மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா எழுதுகிறேன். ஓவிய வகுப்பு என்ன ஆனது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பாடவேளையை மற்ற பாடங்களுக்கு எடுத்துக்கொண்டவர்களே நீங்கள்தான்.

போன வாரம் மகளின் பள்ளியில் கூப்பிட்டார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யாளி வரைந்திருக்கிறாள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் இருக்கும் யாளி. எப்போதோ பார்த்ததை மனதில் வைத்திருந்து வரைந்திருக்கிறாள். "கவனமெல்லாம் இதில்தான் சார், கண்டித்து வையுங்கள்" என்றார் கணக்கு ஆசிரியர். தப்புதான் என்று மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, அவள் அதை வரைந்த நாளைப் பார்த்தேன். புதன்கிழமை, கடைசி பாடவேளை. அட்டவணைப்படி அது ஓவிய வகுப்பு. ஓவிய வகுப்பில் ஓவியம் வரைந்த குற்றத்துக்காகத்தான் அப்பனும் மகளும் தலை குனிந்து நின்றிருக்கிறோம்.

வீட்டில் அவளுடைய ஓவிய நோட்டைத் தேடி எடுத்தேன். ஜூனில் வாங்கியது. மொத்தம் மூன்று பக்கம். ஒரு மாம்பழம், ஒரு குடம், பாதி வண்ணம் அடித்த தேசியக் கொடி. பச்சைக்கு வருவதற்குள் வகுப்பு கணக்குக்குப் போய்விட்டதாம். கலர் பெட்டியில் பச்சை முனை மழுங்காமல் அப்படியே இருக்கிறது.

ஓவிய ஆசிரியர் இல்லையா என்றால், இருக்கிறார். பகுதிநேர ஆசிரியர், வாரத்தில் மூன்று அரை நாள். வருகிற நாளிலும் எமிஸ் என்கிற மாணவர் விவர இணையதளப் பதிவுக்கு உட்கார வைக்கிறார்கள், இல்லாவிட்டால் லீவு போட்டவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு போர்டு எழுதும்போது மட்டும் அவர் ஓவிய ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அப்படித்தான் 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பல வருடம் மே மாதச் சம்பளமே கிடையாது. கோடையில் ஓவியருக்குப் பசிக்காது என்று யார் கண்டுபிடித்தார்களோ! சரி, அது உங்கள் கையில் இல்லை. கோபத்தில் வந்துவிட்டது. பாடவேளை உங்கள் கையில்தான் இருக்கிறது.

"வரைந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறீர்கள். நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவன். கால் அச்சின் மேல் டேப் ஒட்டி, அதில் டிசைன் கோடு வரைந்து, உரித்து, அட்டையில் பரப்பி, பாகம் பாகமாக வெட்ட வேண்டும். வளைந்திருப்பதைத் தட்டையாகப் பார்க்கும் கண் இல்லாதவனுக்கு இந்த வேலை வராது. கோடு இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் தோல் வீண். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் எந்தக் கோடு எங்கே வளைய வேண்டும் என்று ஆள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கண்ணைக் கொடுத்தவர் என் பள்ளி ஓவிய ஆசிரியர். ஒரு செங்கல்லை மேஜையில் வைத்து, வாரம் ஒரு பக்கம் திருப்பி, மூன்று வாரம் அதையே வரைய வைத்தார். அன்று அலுத்துக்கொண்டேன். இன்று சோறு அதில்தான்.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அறிவிப்பு வந்த பிறகுதான் "யாருக்குடா வரைய வரும்?" என்று வகுப்பு வகுப்பாகத் தேடுகிறீர்கள். விதைக்காத கொல்லையில் அறுவடைக்கு ஆள் தேடினால் எப்படி? ஆம்பூர் பக்கம் ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை வரைந்தவரின் அப்பாவை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன். கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, என் வேலையில் பாதி கணக்குதான். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை கேட்கிறேன். அட்டவணையில் ஓவியம் என்று இருந்தால் அன்று ஓவியம் நடக்கட்டும். ஓவிய ஆசிரியர் வகுப்பில் இருக்கட்டும். தயவுசெய்து அடுத்த புதன்கிழமையிலிருந்தே தொடங்குங்கள். கொடியில் பச்சை இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா,
வேலூர்.