குளிர்கால வனக்காட்சி ஆயில் பெயின்ட் செட்: வெள்ளை டியூப், கேன்வாஸ், செய்முறைத் தாள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஆயில் பெயின்டிங் பயிற்சிக் குழு,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: குறையுள்ள 6 செட்களுக்குப் பணம் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் ‘குளிர்கால வனக்காட்சி’ செட் 6, ஒன்று ரூ. 2,450 வீதம் ரூ. 14,700 கொடுத்து வாங்கினோம். பனி படர்ந்த காட்டுக்கென்றே விற்கும் செட்டில் எது சரியில்லாவிட்டாலும் சமாளிக்கலாம், வெள்ளை சரியில்லாவிட்டால் முடியாது. இதில் அதுதான் சரியில்லை.

டியூபின் முன்பக்கம் ‘டைட்டானியம் வெள்ளை’ என்று பெரிதாக அச்சாகியிருக்கிறது. திருப்பிப் பார்த்தால், மடிப்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு பி.டபிள்யூ.4. அது துத்தநாக வெள்ளை. டைட்டானியத்தின் குறியீடு பி.டபிள்யூ.6. பெயரளவு வித்தியாசம் என்று தள்ளிவிட முடியாது. அட்டையில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, அதன் மேல் பெயின்ட் தடவும் கத்தியால் ஒரே இழுப்பாக வெள்ளையைத் தடவிப் பார்த்தோம். வேறு டியூபிலிருந்த டைட்டானியம் முதல் இழுப்பிலேயே கோட்டை மறைத்தது. உங்களுடையது மூன்று முறை தடவியும் கோட்டை அப்படியே காட்டியது. கரும்பச்சை ஊசியிலை மரத்தின் மேல் இதை வைத்தால் பனி தெரியாது, நீர்மோர் சிந்தியதுபோல் இருக்கும். அதோடு துத்தநாக வெள்ளை நாளடைவில் எண்ணெயோடு வினைபுரிந்து மொறுமொறுப்பாகி வெடிக்கும், அடிப்பூச்சை விட்டு உரியும். கனமாகப் பூசும் இடத்துக்கு அதைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்பது பெயின்ட் தயாரிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூடியைத் திறந்ததும் முதலில் வருவது பெயின்ட் அல்ல, மஞ்சள் எண்ணெய். 6 டியூபில் நாங்கள் திறந்த 5-உம் இப்படித்தான். கத்தியால் பனி ஏற்றும் முறை தெரியுமல்லவா: அடியிலுள்ள கருநிறத்தைச் சுரண்டி மெல்லிசாக்கிவிட்டு, வெண்ணெய்க் கட்டிபோல் இறுகிய வெள்ளையைக் கத்தி விளிம்பில் சுருட்டி எடுத்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். அப்போதுதான் பெயின்ட் அங்கங்கே விட்டுவிட்டுப் பிடித்து, பட்டையிலும் பாறையிலும் பனி தங்கியதுபோல் வரும். எண்ணெய் மிதக்கும் பெயின்ட் விட்டுவிட்டுப் பிடிக்காது. வழுக்கிப் பரவி, அடிக்கறுப்பையும் இழுத்துக்கொண்டு சாம்பல் குழம்பாகிவிடும். பிளாட்டிங் பேப்பரில் ஒரு மணி நேரம் வைத்து எண்ணெயை உறியவிட்டோம். மிஞ்சியது மணல்மணலாக இருந்தது. அரைப்பே சரியில்லை என்றுதான் தோன்றுகிறது.

அளவும் போதாது. கறுப்பும் 20 மி.லி., வெள்ளையும் 20 மி.லி. பனிக்காட்சியில் கறுப்பு டியூபே தேவையில்லை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியென்னா செம்பழுப்பும் கலந்தால் உயிருள்ள கருமை வந்துவிடும். வெள்ளையோ, 12×16 அங்குல கேன்வாஸ் ஒன்றுக்கே இழுத்துக்கோ பறித்துக்கோ என்றுதான் வரும். நீங்கள் வைத்திருப்பது 2 கேன்வாஸ்.

அந்தக் கேன்வாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனைப் பொத்தல்களாக ஒளி வருகிறது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு ஒரு கோட்டோடு நின்றிருக்கிறது. மறுநாள் காலையில் பின்துணியில் எண்ணெய்க் கறை. எண்ணெயைத் துணி குடித்துவிட்டால் மேலே பெயின்ட் மங்கித் திட்டுத்திட்டாகும். காலப்போக்கில் நூலும் இற்றுப்போகும். சட்டத்தின் மூலைகளில் துணியை இறுக்கும் ஆப்பு செருக இடமே இல்லை. சென்னை ஈரக்காற்றில் துணி தொய்ந்தால் எதை வைத்து இறுக்குவது? விசிறிபோல் விரிந்த ஃபேன் பிரஷ் முடி உதிர்வதைப் பற்றி எழுதினால் கடிதம் நீளும். வெள்ளைப் பரப்பில் ஒரு கறுப்பு முடி எப்படித் தெரியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

செய்முறைத் தாளுக்கு வருகிறோம். பனியைக் கண்ணால் பார்க்காத ஊர் இது. மார்கழி மூடுபனிதான் நமக்குப் பனி. புதிதாகக் கற்பவர்கள் தாளில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். அதில் ‘பனியின் நிழலுக்குக் கறுப்பும் வெள்ளையும் கலக்கவும்’ என்கிறீர்கள். மேலே உள்ள படத்திலோ சாய்ந்த வெயில்! வெயில் படாத பனிக்கு வானம்தான் வெளிச்சம் தருகிறது, அதனால் நிழல் நீலம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1868–69 குளிர்காலத்தில் வரைந்த ‘மேக்பை’ ஓவியத்தில் வேலியின் நிழலைப் பாருங்கள். வெள்ளையில் சிறிது அல்ட்ராமரைன், கத்தி நுனியளவு பர்ன்ட் சியென்னா. வெயில் படும் இடத்துக்குக் குண்டூசித் தலையளவு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். மேகம் மூடிய நாளுக்கு மட்டும் சாம்பல் பொருந்தும்.

அதைவிட மோசம் ‘வெள்ளையும் லின்சீட் (ஆளிவிதை) ஆயிலும் சம அளவு கலந்து முதல் பூச்சு பூசவும், மறுநாள் டர்ப்பன்டைன் கலந்து மேலே வரையவும், முடிந்ததும் அலமாரியில் மூடி வைக்கவும்’ என்ற வரி. எண்ணெய் மிகுந்தது அடியில், டர்ப்பன்டைனில் நீர்த்து எண்ணெய் குறைந்தது மேலே என்றால் மேற்பூச்சு முதலில் இறுகி வெடிக்கும். ஆயில் பெயின்ட் ஈரம் வற்றிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகுகிறது. இருட்டில் வைத்தால் லின்சீட் மஞ்சளிக்கும். பனி நெய் நிறமாகிவிடும். வெள்ளைக்குச் சாஃப்ளவர் (குசும்பா) ஆயில் வைத்திருக்கலாம். காய நாளாகும், ஆனால் மஞ்சளிப்பது குறைவு.

கோரிக்கைகள் மூன்று. 6 செட்டுக்கும் முழுப் பணம் ரூ. 14,700 திரும்ப வேண்டும். மாற்று செட் வேண்டாம், அதே தயாரிப்புத் தொகுதிதான் வரும். முன்பக்கப் பெயரும் குறியீடும் வேறுபடும் டியூப்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டும். செய்முறைத் தாளைத் திருத்தி அச்சிட வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்போம். திறக்காத டியூப் ஒன்றைச் சோதனைக்கென எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர்

இணைப்பு: பில் நகல், டியூபின் இருபுறப் படங்கள், கறுப்புக்கோடு சோதனை அட்டை.