பொருள்: கடவுச்சொல் நுழைவை நிறுத்தியதால் அலுவலக ஸ்கேனர் முடங்கியது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் சர்வரில்தான் இருக்கின்றன. சென்ற வாரம் கடவுச்சொல் நுழைவை அடியோடு நிறுத்திவிட்டு, ஓஆத் 2.0 டோக்கன் முறைக்கு, அதாவது பிரவுசரில் ஒப்புதல் கொடுத்ததும் கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தற்காலிக அனுமதிச் சீட்டு (டோக்கன்) தரும் முறைக்கு, மாறினீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கணினிகளிலும் சேமித்து வைப்பதைவிட, சிறிது நேரத்தில் காலாவதியாகும் டோக்கன் எவ்வளவோ மேல். கணினியில் மின்னஞ்சல் பார்க்கும் தண்டர்பேர்ட் மென்பொருளில் ஜன்னல் திறந்தது, ஒப்புதல் கொடுத்தோம், வேலை முடிந்தது.

முடங்கியது ஸ்கேனர். ஆவணங்களை ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்பும் இயந்திரம் அது. அதன் கையகலத் திரையில் சர்வர் பெயர், போர்ட் 587, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றுக்குத்தான் இடமுண்டு. பிரவுசர் கிடையாது, டோக்கன் வாங்கவும் புதுப்பிக்கவும் அதற்குத் தெரியாது. இப்போது, நுழைவு மறுக்கப்பட்டதைச் சொல்லும் 535 என்ற பிழை எண்ணைத்தான் காட்டுகிறது. ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கடியில் எங்கள் ஊழியர் பென் டிரைவும் கையுமாக மாடிப்படி ஏறி இறங்குகிறார்.

தங்கள் உதவிப் பிரிவின் பதில்: "கடவுச்சொல்லைச் சரிபார்த்து மீண்டும் முயலவும்." தாங்களே ஒழித்துவிட்ட கடவுச்சொல்லில் எதைச் சரிபார்ப்பது? அடுத்துப் பேசியவர் புது ஸ்கேனர் வாங்கச் சொன்னார். பணம் யார் தருவது என்று கேட்டேன், பதில் இல்லை.

மைக்ரோசாஃப்ட் இந்த மாற்றத்தை 2019-லேயே அறிவித்து, தள்ளித் தள்ளி வைத்து, 2022 அக்டோபரில்தான் கடவுச்சொல் நுழைவை மூடத் தொடங்கியது. அப்போதும், பயன்பாட்டில் இருந்த எஸ்எம்டிபி என்னும் மின்னஞ்சல் அனுப்பும் வழியில் கைவைக்கவில்லை. அதே ஆண்டு மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளில் நிறுத்திய கூகுள்கூட, இருபடிச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்குச் செயலிக்கான தனிக் கடவுச்சொல்லை விட்டுவைத்தது. தங்கள் அறிவிப்போ, சந்தா சலுகை விளம்பரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி.

ஸ்கேனருக்கென்று, அனுப்புவதற்கு மட்டுமே செல்லுபடியாகும் தனிக் கடவுச்சொல் தாருங்கள். இல்லையேல் எங்கள் அலுவலகத்தின் நிலையான ஐபி முகவரியிலிருந்து வருவதை மட்டும் கடவுச்சொல் கேட்காமல் ஏற்று, உரியவருக்கு அனுப்பிவைக்கும் ரிலே சர்வர் அமைத்துக் கொடுங்கள். இன்னொன்று: எங்கள் கணக்குகளில் எந்தெந்தச் சாதனங்களிடம் டோக்கன் இருக்கிறது என்று பார்த்து ரத்து செய்ய ஒரு பக்கம்கூடத் தங்களிடம் இல்லை. வேலையை விட்டுப்போனவரின் கைபேசியில் அலுவலகப் பொதுக் கணக்கின் டோக்கன் புதுப்பித்துக்கொண்டே இருந்தால், எதற்காக இந்தப் பாதுகாப்பு?

இம்மாத இறுதிக்குள் வழி பிறக்காவிட்டால், மீதிக் காலத்துக்கான சந்தாவைத் திருப்பித் தரவும். வேறு சர்வருக்கு மாறிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்