குடிசன் பார்க் காட்டும் வழி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த எவர்டன் கால்பந்துக் கழகம் 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க் மைதானத்தை இடிக்காமல் தன் மகளிர் அணிக்கு அளித்திருப்பது, வேலூர்க் கோட்டை மைதானத்தில் பந்தாடி வளர்ந்த எனக்குப் பெரும் நிறைவளிக்கிறது. அதற்கு முன் ஆடிய ஆன்ஃபீல்டு மைதானத்தின் வாடகை தொடர்பாக அதன் உரிமையாளர் ஜான் ஹவுல்டிங்குடன் எழுந்த பூசலால் வெளியேறி, எவர்டன் தனக்கெனக் கட்டிக்கொண்ட இடம் அது. காலியான ஆன்ஃபீல்டில் ஆடுவதற்காகவே லிவர்பூல் அணி பிறந்தது என்பதை இளைஞர்கள் பலர் அறியார். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் 0-3 எனப் பின்தங்கிய போர்ச்சுகல், யூசேபியோ அடித்த நான்கு கோல்களின் துணையால் 5-3 என வென்றதும் அங்கேதான். எவர்டன் ஆடவர் அணி 2025 மே 18 அன்று அங்கே சவுத்தாம்ப்டனை வென்று விடைபெற்றது. நம் வேலூரிலும் பெண்கள் கால்பந்துக்கென ஒரு பழைய மைதானத்தை ஒதுக்குமாறு மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன்.

– வாசகர் ஒருவர், சத்துவாச்சாரி, வேலூர்