அன்போட தூக்கிட்டு போவாங்களாம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ்ல சிங்கப்பூர் குரூஸ், அதான் சொகுசுக் கப்பல் டூர், அத பத்தி நாலு பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் பிரமாதம், பஃபேல அடுக்கி வச்சிருக்கற கேக்க பாத்தா நமக்கே சுகர் ஏறுது. ஆனா மூணாம் பக்கத்துல கீழ ஓரமா ஒரு வரி இருக்கு பாருங்க: "மாற்றுத்திறனாளிகளும் கவலையின்றிப் பயணிக்கலாம், ஊழியர்கள் அன்போடு தூக்கிச் செல்வார்கள்." அத படிச்சதுலேர்ந்து எனக்கு காபி சரியா எறங்கல. அன்போடயாம்.

எனக்கு வயசு 54 சார். ஒன்றரை வயசுல போலியோ. காலிப்பர், அதாவது காலுக்கு முட்டு குடுக்கற கம்பிப் பட்டை, மாட்டிகிட்டு செவத்த புடிச்சா நாலு எட்டு வைப்பேன், மத்ததுக்கெல்லாம் வீல்சேர்தான். இதுவரைக்கும் என்னைய தூக்கினவங்க பேர எழுதினா உங்க பத்திரிகை தாங்காது. மாடில கிளாஸ் வச்சிருந்த ஸ்கூல்ல பி.டி. வாத்தியார், மண்டபத்துல மச்சானுங்க, ரயில்ல போர்ட்டர், ஓட்டு போட போன எடத்துல எந்தக் கட்சினே தெரியாத ரெண்டு பேர். எல்லாரும் நல்லவங்கதான். ஆனா தூக்கும்போது வேட்டி ஒதுங்கும், சட்ட மேல ஏறும், சுத்தி நிக்கிறவங்க பாத்து பாத்துன்னு கத்துவாங்க, நாம மட்டும் சிரிச்ச மூஞ்சியா தேங்க்ஸ் சொல்லணும். இதுக்கு பேரு வசதின்னு உங்க நிருபருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?

சரி, கப்பலுக்கு வரேன். ரெண்டு வருஷம் முன்னாடி தங்கச்சி குடும்பத்தோட நானும் அந்த ரூட்ல போனேன். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். தி.நகர் டிராவல்ஸ்காரர் "வீல்சேர் போட்டாச்சு சார், நிம்மதியா போயிட்டு வாங்க"ன்னாரு. அங்க போனப்பறம்தான் தெரியுது, அவர் போட்டது வீல்சேர் அசிஸ்டன்ஸ், அதாவது டெர்மினல் வாசல்லேர்ந்து கப்பலுக்குள்ள தள்ளிட்டு போக ஒரு ஆளு, அவ்ளோதான். வீல்சேர் ரூம்ங்கறது வேற சமாச்சாரம், கதவு அகலமா, பாத்ரூம்ல தடுப்பு இல்லாம, உக்காந்து குளிக்கற மாதிரி இருக்கும், ஒரு கப்பல்ல கொஞ்சம்தான் இருக்கும், ரொம்ப முன்னாடியே புக் ஆயிரும். எனக்கு குடுத்தது சாதா ரூம். டேப் வச்சு அளந்தேன் சார், கதவு 23 இன்ச், என் சேர் 25. வெளில நிறுத்தவும் கூடாதாம், தீப்பிடிச்சா எல்லாரும் ஓடுற வழியாம், நியாயந்தான். தெனமும் ராத்திரி மாப்பிள்ளதான் மடக்கி உள்ள எடுத்து வைப்பாரு. பாத்ரூம் வாசல்ல படி மாதிரி ஒசந்த ஒரு தடுப்பு, அத நான் எப்படி தாண்டினேன்னு பத்திரிகைல எழுத முடியாது.

ஆனா ரூம விட்டு வெளில வந்துட்டா, உண்மைய சொல்லணுமில்ல, அது வேற உலகம். பெரிய லிப்ட், எங்க போனாலும் சமமான தரை, நாடகம் பாக்கற எடத்துல சேரோட நிக்கவே தனியா எடம். யாரும் கூட வராம நானே உருட்டிகிட்டு டெக்குக்கு போயி கடல பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். மெட்ராஸ்ல பொறந்தவன் சார் நான், கடல தனியா போயி பாத்தது அதான் மொத தடவ. பினாங்குலயும் கப்பல் நேரா கரைல ஒட்டி நின்னுது, எறங்கி லிட்டில் இந்தியா வரைக்கும் போயி இட்லி சாப்ட்டோம். கடைக்கு முன்னாடி நடைபாதை பூரா மேடும் படியும், நான் ரோட்டோரமாவே போனேன்.

அடுத்து புக்கெட். அங்க கப்பல் கரைக்கு வரல, பட்டோங் பக்கம் கடல்லயே நங்கூரம் போட்டு சின்ன படகுல எறக்கறாங்க, டெண்டர்னு பேரு. படகு ஒரு பக்கம் ஏறுது, கப்பல் ஒரு பக்கம் எறங்குது, நடுவுல ஒரு எட்டு தாண்டணும். அங்க நின்ன பையன் தன்மையா சொன்னான், பாசஞ்சர தூக்க எங்களுக்கு அனுமதி இல்ல சார், நீங்களே தாண்டினாத்தான் உண்டுன்னு. பல கம்பெனி இத நிபந்தனைலயே எழுதியிருக்கு. ஆக அன்பாவும் தூக்கல, கோவமாவும் தூக்கல! அவன் மேல எனக்கு வருத்தம் இல்ல, நேர்மையா சொல்லிட்டான். எல்லாரும் போனாங்க, நான் டெக்லேர்ந்து மலைய பாத்துகிட்டு இருந்தேன். காசு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு.

சட்டம் உங்களுக்கு தெரியாததில்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே நம்ம நாட்டுல போட்டாச்சு, எல்லா எடத்துக்கும் நாங்க போய் வர வசதி பண்றதுக்கான விதியெல்லாம் வெறும் சிபாரிசா இருக்கக்கூடாது, கட்டாயமாக்குங்கன்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அமெரிக்காவுல 2005லயே, வெளிநாட்டுக் கொடி கட்டுன கப்பலும் அவங்க துறைமுகத்துக்கு வந்தா மாற்றுத்திறனாளி சட்டத்துக்கு கட்டுப்படணும்னு தீர்ப்பு. இங்க மெரினால 2022 நவம்பர்ல ஒரு கோடி சொச்சத்துக்கு வீல்சேர்ல கடல் பக்கம் வரைக்கும் போக மரப்பாதை போட்டாங்க, ரெண்டு வாரத்துல மாண்டஸ் புயல் பிச்சி எறிஞ்சிருச்சு, அப்பறம் சரி பண்ணாங்க. உடைஞ்ச போட்டோவ அட்டைல போட்டீங்க, சரி பண்ணினத எந்தப் பக்கத்துல போட்டீங்கன்னு நானும் தேடறேன்.

இன்னொண்ணு, மனசுல ரொம்ப நாளா இருக்கு. உங்க சமையல் டிப்ஸ் போட்டில நான் ஜெயிச்சப்ப பரிசு வாங்க நேர்ல வர சொன்னீங்க. ஆபீஸ் வாசல்ல அஞ்சு படி. வாட்ச்மேனும் விளம்பர செக்‌ஷன் தம்பியும்தான் தூக்கினாங்க. அடுத்த இதழ்ல "தன்னம்பிக்கை நாயகன்"னு போட்டோ போட்டீங்க. நான் ஜெயிச்சது ரசப்பொடிக்கு சார். ரசப்பொடி பத்தி ஒரு வார்த்த இல்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. அந்த வரி தப்புன்னு ஒரு திருத்தம் போடுங்க. இனிமே டூர் கட்டுரைல விலை, சாப்பாடு விவரம் போடற கட்டத்துக்குள்ள ரெண்டு வரி சேருங்க: ரூம் கதவு எத்தன இன்ச், எந்த ஊர்ல கப்பல் கரைல நிக்கும், எந்த ஊர்ல படகு. எழுதின தம்பிக்கு என்ன கேக்கணும்னு தெரியலன்னா என் நம்பர் உங்க சந்தா ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆறு மணிக்கு மேல கூப்ட சொல்லுங்க.

இப்படிக்கு,
22 வருஷ சந்தாதாரர்,
அம்பத்தூர்