வளையங்களை ஓடவிடுங்கள்: தமிழில் வானியல் காணொளி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வானியல் காணொளி போடுகிறவர்களுக்கும், செய்தித் தளங்களில் அறிவியல் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வணக்கம்.

2025 மார்ச்சில் உங்களில் பலர் வைத்த தலைப்பு ஞாபகம் இருக்கும். "சனியின் வளையங்கள் மறையப் போகின்றன." சிலர் அதோடு நிற்காமல் "நிரந்தரமாக" என்று வேறு சேர்த்தீர்கள். அதே வாரத்தில் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சியும் வந்துவிட்டதால், இரண்டையும் முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளைச் சொல்லி மாளாது. நடந்தது இவ்வளவுதான்: மார்ச் 23 அன்று பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. சனியின் அச்சு சுமார் 27 டிகிரி சாய்ந்திருக்கிறது, அது சூரியனை ஒரு முறை சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அதனால் ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒரு முறை வளையங்களின் விளிம்பு மட்டுமே நம் பக்கம் திரும்பி நிற்கும், அடுத்தது 2038இல். 1612இல் கலிலியோ பார்த்ததும் இதையேதான். இரண்டு வருடம் முன்பு சனிக்கு இருபுறமும் அவர் கண்டவை திடீரென்று காணாமல் போயிருந்தன. ஏன் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. நமக்கு இருக்கிறது.

தலைப்பைப் பற்றி இவ்வளவு போதும். தமிழில் வானியல் பேச ஆளே இல்லாத நிலைமையை மாற்றியவர்கள் நீங்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் ஆதங்கம் வேறு. சரியான தகவலோடு வரும் காணொளிகளில்கூட வளையம் ஒரு தட்டாகத்தான் வருகிறது. வழவழவென்று, கோடு கோடாக, அசையாமல். அப்படி இல்லையென்றால் நேர் எதிராக, பெரிய பெரிய பாறைகள் சீறிப் பாய்ந்து ஒன்றோடொன்று மோதிச் சிதறுகிற சண்டைக் காட்சியாக வருகிறது. இரண்டுமே தவறு. உண்மை இந்த இரண்டையும்விட எவ்வளவோ சுவாரசியமானது, அதுதான் உங்களுக்கு எழுத வைத்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் சனியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அது மேலே நிக்க முடியுமா சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கிறது. தட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு என்ன கேட்கும்?

தட்டாக இருக்க முடியாது என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. ஒரே திடமான வளையம் நிலைக்காது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859இல் வெளியிட்ட கட்டுரையில், திடமாகவும் இருக்க முடியாது, திரவமாகவும் இருக்க முடியாது, தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற சிறு துண்டுகளாக மட்டுமே இருக்க முடியும் என்று கணக்குப் போட்டே நிறுவினார். வெறும் தாளும் பேனாவும்தான். 1895இல் வானியலாளர் கீலர், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையை வைத்து வளையத்தின் உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாக ஓடுகிறது என்று அளந்து காட்ட, பேச்சு முடிந்தது. ஒரு தட்டு சுற்றினால் வெளிவிளிம்புதான் வேகமாகப் போகும். இங்கே தலைகீழ்.

சரி, உள்ளே போய்ப் பார்ப்போம். சனியின் மையத்திலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டர் தொலைவில், பி வளையம் என்று பெயரிட்ட முக்கிய வளையத்தின் நடுவே, ஒரு மீட்டர் அகலமுள்ள ஒரு பனிக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வளையத் துகள்கள் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிதான். சென்டிமீட்டர் அளவிலிருந்து பத்து மீட்டர் வரை இருக்கும். நம் கட்டி நொடிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஒன்பது மணி நேரத்தில் சனியை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. இந்த 19.5 என்ற எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் மோதல் காட்சி வரைகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்துக் கட்டியும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் அதே திசையில்தானே போகிறது. பத்து மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் கட்டி நம் கட்டியை முந்துவது நொடிக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வீதம் மட்டுமே. ஊர்ந்து போகிற எறும்பு அதைவிட வேகம். அந்த அளவில் வந்து மெல்ல உரசுகிறது, லேசாகத் தள்ளிவிட்டுப் போகிறது, சில சமயம் ஒட்டிக்கொள்கிறது. அடர்த்தியான இடத்தில் ஒரே சுற்றில் இப்படிப் பல தடவை நடக்கும்.

இந்த மெல்லிய மோதலில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு உரசலிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்த துகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது. அதனால்தான் ஏறக்குறைய 2,70,000 கிலோமீட்டர் குறுக்களவுள்ள முக்கிய வளையங்கள், பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் தடிமனுக்குள் தட்டையாகிக் கிடக்கின்றன. அந்தத் தட்டைத்தன்மையை யாரும் செதுக்கவில்லை. உரசி உரசி வந்தது. அதே உரசல்தான் வளையத்தை அகலமாகப் பரப்பவும் செய்கிறது: உள்ளே இருப்பது வேகமாக ஓடுவதால் வெளியே இருப்பதை முன்னோக்கி இழுக்கிறது, தான் கொஞ்சம் கோண உந்தத்தை (சுற்றி ஓடும் உந்தத்தை) இழந்து இன்னும் உள்ளே இறங்குகிறது, வெளியே இருப்பது அதைப் பெற்று இன்னும் வெளியே போகிறது. அப்படியே விட்டால் எந்த வளையமும் இரு பக்கமும் கரைந்து பரவிவிட வேண்டும், கூர்மையான விளிம்பு எதுவுமே மிஞ்சக்கூடாது.

இன்னொன்றும் நடக்கிறது. பி வளையத்திலும் அதற்கு வெளியே உள்ள ஏ வளையத்திலும் இந்தத் துகள்கள் தங்கள் சொந்த ஈர்ப்பால் திரண்டு, பல பத்து மீட்டர் நீளமுள்ள இழைகளாகச் சேர்கின்றன. சேர்ந்த உடனே சனியின் ஈர்ப்பு அவற்றைச் சாய்த்து இழுத்துப் பிய்க்கிறது. சில மணி நேரத்தில் கலைந்து, பக்கத்திலேயே மறுபடி சேர்கின்றன. கோளின் ஈர்ப்பு துகள்களை நிலாவாகத் திரளவிடாத ரோஷ் எல்லைக்கு உள்ளே ஒரு நிலா உருவாக முயன்று முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும் காட்சி இது. இதை ஒரு நிமிடம் அசைவூட்டிக் காட்டினால் போதும், எந்தப் பிள்ளையும் மேலே நிற்க முடியுமா என்று கேட்காது, வேறு நல்ல கேள்வி கேட்கும்.

அப்புறம் விளிம்புகள். பரவ வேண்டியது ஏன் பரவவில்லை என்பதற்கு நிலாக்கள்தான் பதில். பி வளையத்தின் வெளிவிளிம்பில் துகள் இரண்டு சுற்று சுற்றும்போது மைமாஸ் நிலா ஒரு சுற்று சுற்றுகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுபட்டு விளிம்பு அங்கே கட்டுப்பட்டு நிற்கிறது. இதைவிட அழகான உதாரணம் டாஃப்னிஸ். எட்டு கிலோமீட்டர் அளவே உள்ள இந்தக் குட்டி நிலாவை, சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் 2005இல் கண்டுபிடித்தது. ஏ வளையத்தில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் அகலமுள்ள கீலர் இடைவெளிக்குள் ஓடுகிறது. அதன் இருபுறமும் வளைய விளிம்பில் அலைகள் எழுகின்றன. உள்விளிம்பில் அலை நிலாவுக்கு முன்னால் போகிறது, வெளிவிளிம்பில் பின்தங்குகிறது. ஏன்? உள்ளே இருக்கும் துகள் நிலாவை முந்திக்கொண்டு போகிறது, வெளியே இருப்பதை நிலா முந்துகிறது. கீலர் 1895இல் அளந்தது அந்த ஒரே படத்தில் கண்ணெதிரே தெரிகிறது! 2009இல் சூரிய ஒளி வளையத்தின் மேல் சாய்வாக மட்டுமே விழுந்த நேரத்தில், இந்த அலைகளின் நிழல் நீண்டு விழுந்தது. அதை அளந்து, அலைகள் ஒன்றரை கிலோமீட்டர் வரை செங்குத்தாக எழுகின்றன என்று கண்டார்கள். பத்து மீட்டர் தடிமனில் ஒன்றரை கிலோமீட்டர் அலை. "மறைந்துபோகும் வளையம்" என்ற தலைப்புக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

சனியோடு நிற்கவும் வேண்டாம். நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் ஆசை. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்க இருந்தது. ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், ஜெசிகா மிங்க் ஆகியோர் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தெற்கே பறந்தபடி அந்த விண்மீனின் ஒளியை அளந்தார்கள். யுரேனஸ் வந்து மறைப்பதற்கு முன்பே ஒளி ஐந்து முறை சட்டென்று மங்கி மீண்டது. கோள் விலகிய பிறகு, மறுபக்கத்தில் ஏறக்குறைய அதே தூரங்களில் மறுபடி ஐந்து முறை. அப்படித்தான் யுரேனஸின் வளையங்கள் பிடிபட்டன. அதே இரவில் ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கம் உள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த விண்மீன் மங்கியது பதிவானது. பதிவு செய்தவர்கள் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்க வேண்டும் என்று கருதி நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். பிறகு எல்லா இடத்துப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அது வளையம் என்று தெளிவானது. கையில் இருந்த தரவுக்கு அவர்கள் எடுத்த முடிவு நியாயமானதே. திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஒரு மலையிலிருந்து இன்னொரு கோளின் வளையம் அளக்கப்பட்டிருக்கிறது என்பது அந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யுரேனஸ் வளையங்கள் நான் மேலே சொன்ன பரவல் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியவை. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலம் மட்டுமே. எப்சிலான் வளையம் நீள்வட்டமாக இருக்கிறது, கோளுக்கு அருகே வரும் இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர், தள்ளிப் போகும் இடத்தில் நூறு கிலோமீட்டரை நெருங்கும் அகலம். இவ்வளவு குறுகலாக அவை எப்படி நிற்க முடியும் என்று யோசித்த வானியலாளர்கள் கோல்டுரைக், ட்ரெமெயின் இருவரும், வளையத்தைப் பரவவிடாமல் காக்க இருபுறமும் சிறு நிலாக்கள் மேய்ப்பர்களாக ஓட வேண்டும் என்று 1979இல் சொன்னார்கள். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் போனபோது எப்சிலான் வளையத்துக்கு இருபுறமும் கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரண்டு நிலாக்கள் இருந்தன. மற்ற வளையங்கள் பலவற்றுக்கு அப்படிப்பட்ட மேய்ப்பர்கள் இன்னும் கண்ணில் படவில்லை. யுரேனஸுக்கு ஒரு சுற்றுக்கலம் அனுப்புவதுதான் அடுத்த பெரிய திட்டமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கோளியல் அறிஞர்களின் பத்தாண்டு அறிக்கை 2022இல் பரிந்துரைத்ததற்குப் பின்னால் இப்படி விடை தெரியாத கேள்விகள் நிறைய இருக்கின்றன.

வயது விஷயத்திலும் ஒரு வேண்டுகோள். "சனியின் வளையம் டைனோசர் காலத்தில் வந்தது" என்று முடிந்த முடிவாகச் சொல்லாதீர்கள். பனி இவ்வளவு சுத்தமாக இருப்பதால் வயது பத்து முதல் நாற்பது கோடி ஆண்டுகள்தான் இருக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மோதும் விண்தூசி ஆவியாகிப் பெரும்பகுதி ஒட்டாமலே போய்விடும், எனவே பழைய வளையமும் சுத்தமாகவே தெரியலாம் என்று 2024 இறுதியில் வந்த ஆய்வு சொல்கிறது. சண்டை நடந்துகொண்டிருக்கிறது, அதைச் சண்டையாகவே காட்டுங்கள். வளையங்கள் உண்மையில் மறைவதும் இந்தக் கதைக்குள் வருகிறது: வளையப் பனி சனிக்குள் மழையாக இறங்குகிறது, இந்த வேகத்தில் போனால் சுமார் முப்பது கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடலாம் என்று 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2025 மார்ச் 23ஐ இதோடு குழப்பியதால் இரண்டுமே பார்வையாளருக்குப் புரியாமல் போய்விட்டன.

நான் கேட்பது பெரிய செலவுள்ள வேலை இல்லை. வளையத்தைக் காட்டும்போது உட்பகுதி முந்தி ஓடுவது தெரிகிற மாதிரி அசைவூட்டுங்கள், சுழலும் தட்டுப் படத்தை ஓய்வுக்கு அனுப்புங்கள். மோதலைக் காட்டினால் மில்லிமீட்டர் வேகத்தில் காட்டுங்கள். காசினி எடுத்த டாஃப்னிஸ் படங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன, ஓவியத்துக்குப் பதில் அவற்றைப் போடுங்கள்.

2027 மார்ச் 10 அன்று யுரேனஸ் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்றைக்கு உங்களில் நான்கு பேராவது காவலூரைப் பற்றி ஒரு காணொளி போடுங்கள். விண்மீன் ஒளி மங்கி மீண்ட அந்த வரைபடத்தைத் திரையில் வைத்து, ஒவ்வொரு பள்ளமும் எந்த வளையம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். எழுத்துப்படியைச் சரிபார்க்கவோ எண்களைக் கணக்கிட்டுத் தரவோ ஆள் தேவையென்றால் நான் வருகிறேன், அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கும் ஒருவர்