ஓமனுக்கு ஆப் டாக்ஸி வரலாம், அதற்கு டிரைவர் விசா வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு நிறுவனங்களின் ஆப் டாக்ஸிகள் ஓமனுக்கும் வரப்போவதாகப் பேச்சு என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியை மஸ்கட்டில், எங்கள் கேம்ப் மெஸ்ஸில் உட்கார்ந்து போனில் படித்தேன். செய்தி சரிதான். ஆனால் 'வேலை தேடும் ஓட்டுநர்களுக்கும் இது வாய்ப்பாக அமையலாம்' என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, கீழே ஒரு போன் நம்பரைப் போட்டு, எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து வாட்ஸ்அப் குரூப்களில் சுற்ற விட்டிருக்கிறார்கள். எனக்கே மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். மஸ்கட்டில் காலா பகுதியில் உள்ள ஒரு கட்டுமான கம்பெனியில் மினிபஸ் ஓட்டுகிறேன். காலையில் கேம்பிலிருந்து ஆட்களை சைட்டில் இறக்குவது, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது, நடுவில் ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று அலைவது. பல வருடமாக இந்த ஊர் ரோட்டில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓமனில் டாக்ஸி ஓட்ட ஓமன் நாட்டவருக்கு மட்டும்தான் அனுமதி. வெள்ளைக் காரில் நான்கு மூலையிலும் ஆரஞ்சு அடித்திருக்கும். அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் இந்தியரையோ, பாகிஸ்தானியையோ, வங்கதேசத்துக்காரரையோ பார்க்க முடியாது. ஆப் வந்தாலும் இந்தச் சட்டம் அப்படியேதான் இருக்கும்.

ஆப் டாக்ஸி இங்கே புதிதும் இல்லை. ஓ டாக்ஸி என்ற உள்ளூர் ஆப் பல வருடமாக ஓடுகிறது. ஏர்போர்ட் டாக்ஸிகளையும் அரசாங்கம் 2023-ல் ஆப்பில் புக் செய்கிற முறைக்குக் கொண்டுவந்தது. அதில் புக் செய்தாலும் வருகிறவர் ஓமன்காரர்தான். நாளைக்கு வேறு பெரிய கம்பெனி வந்தால் டாக்ஸியைக் கூப்பிடுகிற விதம் மாறும், வாடகை சொல்கிற விதம் மாறும். ஓட்டுகிற ஆள் மாற மாட்டார்.

பயணிகளான எங்களுக்கு அது நல்லதுதான், அதை மறைக்க மாட்டேன். ரோட்டில் கைகாட்டி ஏறுகிற டாக்ஸியில் வாடகை பேசித்தான் ஏற வேண்டும். புதிதாக வந்த பையனுக்குப் பேசவும் தெரியாது, ஊர் தூரமும் தெரியாது. அரை ரியால் கொடுத்து நாலு பேரோடு சேர்ந்து போகிற இடத்துக்குத் தனி வாடகையாக ஐந்து ரியால் கொடுத்துவிட்டு வந்து நிற்பான். ஐந்து ரியால் என்றால் நம் பணத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். ராத்திரி டியூட்டி முடிந்து வரும் நர்ஸ் பெண்களுக்கும், யார் ஓட்டுகிறார், எந்த வண்டி, எவ்வளவு வாடகை என்பது ஏறுவதற்கு முன்பே போனில் தெரிந்தால் வயிற்றில் பயம் இருக்காது. அதனால் வரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் இதைத் தொழிலாக வைத்திருக்கும் ஓமன்காரர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போன மாதம் என் வண்டி கராஜில் கிடந்தபோது மஸ்கட்டிலேயே உள்ள ரூவியிலிருந்து காலாவுக்கு ஒரு பெரியவரின் டாக்ஸியில் வந்தேன். தலையில் பூவேலை செய்த கும்மா தொப்பி, சலவை மடிப்பு கலையாத வெள்ளை திஷ்தாஷா (ஓமன்காரர்கள் போடும் நீள அங்கி), பின் சீட்டில் இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தி நன்றாகப் பேசினார். உங்கள் நாட்டில் இந்த ஆப் கம்பெனிகள் டிரைவரிடம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். கமிஷன் தாங்காமல் நம் ஊர் டிரைவர்கள் எத்தனையோ முறை வண்டியை நிறுத்திப் போராடியதைச் சொன்னேன். சிக்னலில் வண்டி நின்றிருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "முதல் வருடம் கொடுப்பார்கள், அப்புறம் எடுப்பார்கள், அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். மகன் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறானாம், வீடு இந்த டாக்ஸியில்தான் ஓடுகிறதாம். 1988-லிருந்தே 'ஓமனைசேஷன்' என்று சொந்த நாட்டவருக்கு வேலையை ஒதுக்கி வருகிறார்கள். 2018-ல் 87 வகை வேலைகளுக்கு வெளிநாட்டவர் விசாவை நிறுத்தி வைத்தார்கள். இப்படி இருக்கும்போது, இருக்கிற டாக்ஸித் தொழிலை எடுத்து நமக்குத் தருவார்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. அவர்கள் செய்வது தவறு என்றும் நான் நினைக்கவில்லை. அது அவர்கள் பிள்ளைகளின் சோறு.

இனி என் அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் ஆப் டாக்ஸி ஓட்டுகிறான். லோன் போட்டு எடுத்த டிசையர். நாள் முழுக்க ஓட்டினாலும் டீசலுக்கும் டியூவுக்கும் போக கையில் ஒன்றும் நிற்பதில்லை. அவனுக்கு அந்த மெசேஜ் போயிருக்கிறது. "மாமா, ஒன்றரை லட்சம் கட்டினா டிரைவர் விசா, அங்க போய் ஆப்ல சேந்துக்கலாம்னு சொல்றாங்க. நம்ம ஊர் லைசென்ஸே போதுமாம்" என்று போன் செய்தான். அம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார்களாம். அக்கா தோட்டை அடகு வைக்கலாம் என்று பேச்சு நடந்திருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னதும், "நீங்க அங்க இருக்கீங்க, என்னை வேண்டாங்கிறீங்களே மாமா" என்று வருத்தப்பட்டான். சொந்த மாமன் சொல்லியே இப்படி என்றால், இங்கே யாரும் இல்லாத பையனுக்கு யார் எடுத்துச் சொல்வது?

நம் ஊர் லைசென்ஸ் போதும் என்பது முழுப் பொய். வேலைக்கு வருகிறவர் நம் ஊர் லைசென்ஸை நீட்டி ஓமன் லைசென்ஸ் வாங்க முடியாது. இங்கே ராயல் ஓமன் போலீஸ் நடத்தும் டெஸ்டில் முதலிலிருந்து தேற வேண்டும். முதலில் டிரம் டெஸ்ட். இரும்பு டிரம்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தில் ரிவர்ஸில் போய் வண்டியை நேராக நிறுத்தி, வெளியே வர வேண்டும். டிரம்மில் உரசினால் போயிற்று, அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் நகராமல் கிளப்பிக் காட்ட வேண்டும். அதற்கும் பிறகு பக்கத்தில் போலீஸை வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்ட வேண்டும். நம் ஊரில் இருபது வருடம் லாரி ஓட்டியவர்களே, ஸ்டியரிங் இடப்பக்கம் மாறியதில் தடுமாறித் திரும்பத் திரும்ப டெஸ்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு மணிக்கணக்கில் காசு. சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும்.

இன்னொரு பேச்சும் நடக்கிறது. எப்படியாவது வந்துவிட்டு, சொந்தக் காரில் ஆள் ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். அது கள்ள டாக்ஸி. பிடிபட்டால் அபராதம், மேலே போனால் ஊருக்கே அனுப்பி விடுவார்கள். விசாவில் எந்த கம்பெனி பெயர் இருக்கிறதோ அதில் மட்டும்தான் வேலை செய்யலாம் என்பது இங்குள்ள சட்டம்.

துபாயில் நம் ஆட்கள் டாக்ஸி ஓட்டுகிறார்களே என்று கேட்பார்கள். ஆமாம், ஓட்டுகிறார்கள். அங்கே டாக்ஸி கம்பெனிகள் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கின்றன. ஊபர், கரீம் ஆப்களில் வருகிற கார்கள்கூட அங்கே பெரும்பாலும் லிமோசின் கம்பெனிகளுடையவை, ஓட்டுகிறவர் அந்தக் கம்பெனியின் சம்பளக்காரர். மதுரை மாதிரி சொந்தக் காரை ஆப்பில் சேர்த்துவிட்டு நினைத்த நேரம் ஓட்டுகிற கதை அங்கும் இல்லை. கரீமை 310 கோடி டாலருக்கு ஊபர் வாங்குவதாக 2019-ல் செய்தி வந்தபோதும் ஊரிலிருந்து இதே மாதிரி போன்கள் வந்தன. அவ்வளவு பணம் புரள்கிற தொழிலில் நமக்கும் ஒரு இடம் இருக்காதா என்று ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் துபாய் சட்டம் வேறு, ஓமன் சட்டம் வேறு. 'வளைகுடா' என்று ஒரே வார்த்தையில் எழுதும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. தயவுசெய்து நாட்டின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

ஓமனுக்கு டிரைவராக வரவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனி டிரைவர், வீட்டு டிரைவர் வேலைகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், நானே இருக்கிறேன். 2021-ல் ஓட்டுநர் வேலைகளிலும் சிலவற்றை ஓமன்காரருக்கே ஒதுக்கியதால் முன்பு போல வாய்ப்பு இல்லை, அவ்வளவுதான். வருகிறவர்கள் வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயர், சம்பளம், வேலையின் பெயர் மூன்றும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வரட்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் என்று வாயைத் திறக்கும்போதே எழுந்து வந்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கலாம்.

ஆசிரியரிடம் நான் கேட்பது இதுதான். ஓமனில் டாக்ஸி ஓட்ட வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை, ஆப் டாக்ஸிக்கும் அதுதான் சட்டம் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி போகும் பதிப்புகளில் மறக்காமல் போடுங்கள். அந்த வாட்ஸ்அப் மெசேஜில் உங்கள் நாளிதழின் பெயர்தான் இருக்கிறது. மறுப்பும் உங்களிடமிருந்து வந்தால்தான் நம்புவார்கள். அக்கா மகன் இந்த வாரக் கடைசி வரை பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்குள் வந்தால் அவனுக்கும் அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கம்பெனி டிரைவர்,
காலா, மஸ்கட்.