முகப்புப் பக்கம் கிழிந்த யூதப் பாட்டுப் புத்தகம்

புரூக்ளின், நியூயார்க்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வீடு காலி செய்கிறவர்கள் பழைய புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக எங்கள் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் அட்டையும் முகப்பும் போன யூதப் பாட்டுப் புத்தகம் ஒன்றாவது இருக்கும். அதற்கு ஊரும் ஆண்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள்.

எபிரேய எழுத்து வலமிருந்து இடம் போவதால், நாம் பின்னட்டை என்று நினைப்பதுதான் முன்பக்கம். பல புத்தகங்களில் மறுமுனையில் ஆங்கில முகப்பும் உண்டு. ஒன்று கிழிந்தாலும் மற்றது தப்பியிருக்கும். எபிரேய முகப்பில் யூத ஆண்டு எழுத்தாகவே இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. உதாரணமாக, தாவ் 400, ரேஷ் 200, பே 80, ஸாயின் 7, மொத்தம் 687. முன்னால் வரும் ஐயாயிரத்தை எழுதாமல் விட்டுவிடுவார்கள். 1240 கூட்டினால் 1927. ஆனால் அவர்கள் வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் 1926-27 என்றே எழுத வேண்டும். நம் பழைய நூல்களின் 'துன்மதி வருஷ'த்திலும் இதே சிக்கல்தானே.

இரண்டு முகப்பும் போயிருந்தால் ஒவ்வொரு பாட்டின் முதல் பக்க அடியைப் பாருங்கள். காப்புரிமை ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். முதலில் கண்ணில் பட்ட ஆண்டையே புத்தகத்தின் ஆண்டாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. இருப்பதிலேயே பிந்தைய ஆண்டுதான் கணக்கு. அதுவும் கீழ் எல்லை மட்டுமே. பழைய அச்சுத் தகட்டிலேயே பல வருஷம் கழித்துப் புது அட்டையோடு மறுபடி அடித்திருப்பார்கள்.

மேல் எல்லைக்கு விளம்பரப் பக்கம் உதவும். முகவரியில் 'நியூயார்க் 2' என்பதுபோல் ஊர்ப்பெயரையடுத்து எண் இருந்தால் 1943-க்குப் பிந்தையது. 1963-இல் அதற்குப் பதிலாக ஐந்திலக்க எண் வந்துவிட்டது; ஆகவே அப்படிப்பட்ட புத்தகம் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

பாட்டுகளும் சாட்சி சொல்லும். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வில்னா கெட்டோவில் ஹிர்ஷ் கிளிக் என்ற கவிஞர் 1943-இல் எழுதிய போராளிப் பாட்டு உள்ளே இருந்தால், புத்தகம் அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. அந்தப் பாட்டு வருகிற பக்கத்தை என்னால் சட்டென்று புரட்ட முடிவதில்லை. எழுதியவர் அடுத்த வருஷமே இறந்துபோனார்.

எபிரேய எழுத்தில் எழுதப்படும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில், வரிகளில் சொல்லிறுதிக்கான ஐந்து தனி எழுத்து வடிவங்கள் எங்குமே இல்லையென்றால் சோவியத் அச்சு என்று சந்தேகிக்கலாம். 1930-களில் அங்கே அவற்றைக் கைவிட்டார்கள்.

கடைசியாக உயரம், பக்க எண்ணிக்கை, பாட்டு வரிசை மூன்றையும் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் ஊரிலுள்ள யித்திஷ் புத்தக மையத்தின் மின்படிகளோடும் நியூயார்க் பொது நூலகப் பட்டியலோடும் ஒப்பிடுவோம். ரோமன் எழுத்தில் தேடும்போது ஒரே தலைப்பைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் பிடிபடாவிட்டால் உள்ளட்டையில் பென்சிலால், சதுர அடைப்புக்குள் '1946-க்கும் 1963-க்கும் இடையில்?' என்று எழுதி வைப்போம். கேள்விக்குறியை விடக் கூடாது.

அம்மாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி